மெட்ராஸ் ஒட்டு

மரச்சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லித் தளம் போட்டு அமைக்கும் மட்டக் கூரை. கட்டைகுத்து ஒட்டு என்றும் சொல்வர். பொறியாளர் வழக்கில் மெட்ராஸ் டெரஸ். சென்னை, புதுச்சேரி, செட்டிநாட்டுப் பழைய வீடுகள் பலவற்றில் இன்றும் இருக்கிறது.

சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்குமேல் நிற்கும். சுவரைவிடக் கூரைதான் அதிக வெயில் வாங்கும். அந்த வெயிலைத் தாமதப்படுத்தும் கனம் இந்த ஒட்டில் இருந்தது. ஏறத்தாழ ஓரடி, ஒன்றரையடி இடைவெளியில் தேக்குச் சட்டங்கள். அவற்றின்மேல் ஓரங்குலக் கனமுள்ள செங்கற்களைக் குத்தாக நிறுத்தி, மூலையிலிருந்து சாய்வு வரிசையில் ஒட்டிக்கொண்டே வருவார்கள். சாரப்பலகை தேவையில்லை; முந்தைய வரிசையே அடுத்ததைத் தாங்கும். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அதற்கும் மேல் தட்டோடு.

பழைய வீட்டின் குளிர்ச்சிக்குச் சுண்ணாம்பையே காரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதி உண்மை. உயர்ந்த உட்கூரையும், அதை ஒட்டிச் சுவரில் வைத்த வென்டிலேட்டரும், முற்றமும் மீதிப் பாதி. மேலேறும் சூடான காற்று வெளியேற வழியில்லாவிட்டால் எவ்வளவு கனமான தளமும் மாலையில் அறைக்குள் சூட்டை இறக்கத்தான் செய்யும். கோடையில் மக்கள் மொட்டை மாடியில் பாய் விரித்ததும் அதனால்தான்.

இந்தியாவின் முதல் சிமென்ட் ஆலை 1904இல் தொடங்கியது சென்னையில்தான் (நிலைக்கவில்லை என்பது வேறு). சிமென்ட் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியபின் கான்கிரீட் கூரை ஒட்டை ஒதுக்கியது. நீளமான தேக்கும் அரிதாயிற்று. கான்கிரீட்டுக்குக் கறையான் பயமும் இல்லை. ஆனால் கான்கிரீட் செங்கல்லைவிட வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால் ஒட்டின் மேற்பாதி மட்டும் தப்பியது: கான்கிரீட்டின்மேல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு. கொத்தனார்கள் அதை வெதரிங் கோர்ஸ் என்கிறார்கள். தண்ணீர் வடிவதற்காகப் போடுவதாகவே பலர் நினைக்கிறார்கள். வெயிலுக்கும் அதுதான் காப்பு. செலவு மிச்சமென்று அதை விட்ட வீடுகளில் மேல்மாடிக்காரர் இரவெல்லாம் வேகிறார்.

கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) வேறு வழி பிடித்தார். தளத்தின் அடிப்பகுதியில் உள்ள கான்கிரீட் பாரம் தாங்குவதில் பெரிதாக உதவுவதில்லை. அங்கே பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்தார். சிமென்ட் மிச்சம், ஓடுகளை இரட்டையாக வைத்தால் இடையில் அடைபட்ட காற்று சூட்டையும் தடுக்கும்.

அண்மைக்காலத்தில் கூரைமேல் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு பரவுகிறது. தெலங்கானா அரசு 2023இல் இத்தகைய குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனால் பூச்சில் தூசி படிந்தால் அந்த ஆற்றல் குறையும். அவ்வப்போது கழுவ வேண்டும், சில ஆண்டுகளுக்கொருமுறை மறுபடி பூச வேண்டும்.