யாருடைய திறமை? யாருடைய வாழ்வு?

இசைக் கலைஞர் ஒருவருடைய திறமையும் வாழ்க்கையும் நமக்கு அப்படியே கிடைக்குமானால் யாரைத் தேர்ந்தெடுப்போம்? மேலைநாட்டு இளைஞர் கித்தார் வாசிப்போரை வைத்து இக்கேள்வியைக் கேட்டுக்கொள்வதுண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளும் இன்று கேட்கின்றனர். இதில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. திறமை இறைவன் அளிப்பது. அத்திறமையைக் கொண்டு நடத்தும் வாழ்வோ ஆசிரியராலும் ஊராலும் காலத்தாலும் உருவாவது. இரண்டும் ஒருவரிடத்தே நிறைவாகச் சேர்வது அரிது என்பதை வரலாறு காட்டுகிறது. பொருநையாற்றங்கரையில், கல்லிடைக்குறிச்சியில் நின்றுகொண்டு இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேட முற்படுகிறோம்.

கித்தார் என்ற சொல்லே நமக்கு அந்நியமானதன்று. கிரேக்கத்தில் தோன்றி அரபு மொழியில் 'கீதாரா' எனப் புகுந்து, அந்தலூஸ் எனப்பட்ட முஸ்லிம் ஸ்பெயினின் வழியே ஐரோப்பாவை அடைந்த சொல் அது. அந்தலூஸின் இசைக்கு வித்திட்டவர் அபுல் ஹஸன் அலீ இப்னு நாஃபிஃ. கரிய மேனியும் இனிய குரலும் படைத்த அவரை ஸிர்யாப், அதாவது கரும்புள், என்றே உலகம் அறிந்தது. அவர் பக்தாதில் இஸ்ஹாக் அல் மவ்ஸிலீயின் மாணவர். கலீபாவின் முன் மாணவரின் புகழ் ஓங்கக் கண்ட ஆசிரியர் பொறாமையுற்றார் என்றும், அதனாலேயே ஸிர்யாப் நாட்டைத் துறந்தார் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் மக்கரீ எழுதுகிறார். கி.பி. 822ஆம் ஆண்டில் அவர் குர்துபா நகரை அடைந்தார். அமீர் இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவரை வரவேற்று வாழ்வளித்தார். நான்கு நரம்புகள் கொண்ட 'ஊத்' கருவிக்கு ஐந்தாம் நரம்பைச் சேர்த்தவரும், கட்டைக்குப் பதிலாகக் கழுகின் இறகால் அதனை மீட்டியவரும் அவரே என்பர். குர்துபாவில் அவர் நிறுவிய இசைப்பள்ளியில் அவருடைய மக்களும் பணியாற்றினர். ஆசிரியரின் பொறாமை ஒரு வாயிலை அடைத்தது. அரசரின் ஆதரவு மறு வாயிலைத் திறந்தது.

அதே அந்தலூஸியாவின் லினாரெஸ் நகரில் 1893ஆம் ஆண்டு பிறந்தார் ஆந்த்ரே செகோவியா. சத்திரங்களிலும் தெருக்களிலும் ஒலித்த கித்தாரைச் செவ்விசை அரங்குகளில் ஏற்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்த அவர், தொண்ணூறு வயதைக் கடந்தும் மேடையேறி, 1987ஆம் ஆண்டு மறைந்தார். நீண்ட வாழ்வு, நிறைந்த புகழ், நல்ல மாணாக்கர். இவரைத் தேர்ந்தெடுப்போரை நாம் குறை கூற மாட்டோம். ஆயினும் நம் மண்ணிலேயே விடை இருக்கும்போது கடல் கடப்பானேன்?

கல்லிடைக்குறிச்சி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது அப்பளம். இசையறிந்தோருக்கோ தீட்சிதர் கீர்த்தனைகள் நினைவுக்கு வரும். வீணை வாசிப்பில் வல்லவரான முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் மறைந்தார். அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர், மேலைநாட்டு வயலினைக் கற்று அதனைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர். எட்டயபுரம் அரசவையில் விளங்கியவர். அக்குடும்பத்தில் வந்த சுப்பராம தீட்சிதர், 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் அச்சேற்றினார். அவருடைய மகன் அம்பி தீட்சிதரிடம் பாடம் கேட்டோருள் கல்லிடைக்குறிச்சியாரும் உண்டு. அவர்களுள் அனந்தகிருஷ்ண ஐயர் கல்கத்தா சென்று, அங்கே பள்ளி நிறுவி வீணையும் பாட்டும் கற்பித்தார். இவ்வூர் சுந்தரம் ஐயர் தீட்சிதர் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். இவர்களுடைய பெயரைச் சொன்னால் இன்று அறிவோர் சிலரே. ஆனால் இவர்களைப் போன்றோர் எழுதி வைத்திராவிடில் அப்பாடல்களிற் பல வாயோடு வாயாய் மாறி மறைந்திருக்கும். புகழைப் பெறாமல் பிறர் செல்வத்தைக் காத்துக் கொடுப்பதும் ஒரு வாழ்வே.

எட்டயபுரம் என்றவுடன் முஸ்லிம் நெஞ்சம் இன்னொரு பெயரை நாடும். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் பாடம் கேட்டது எட்டயபுரம் அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம். மாணவரின் மதத்தை அவ்வாசிரியர் ஒரு தடையாகக் கருதவில்லை. பின்னர் உமறுவும் அதே அவையை அணிசெய்தார். அவருடைய அடக்கத்தலமும் எட்டயபுரத்திலேயே உள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் காவியமாகப் பெற்ற நாம், அக்காவியத்தின் யாப்புக்கும் அணிக்கும் பின்னால் ஓர் இந்து ஆசிரியரின் உழைப்பு இருப்பதை மறத்தலாகாது. பக்தாதில் அடைபட்டதாகச் சொல்லப்படும் வாயில் எட்டயபுரத்தில் திறந்தே இருந்தது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலி நோக்கி இரயில் ஏறினால் முதலில் வருவது வீரவநல்லூர், அடுத்தது காருக்குறிச்சி. அந்தச் சிற்றூரின் பெயரைத் தமிழ் வழங்கும் இடமெல்லாம் பரப்பியவர் நாதசுர மேதை காருக்குறிச்சி அருணாசலம். 1921ஆம் ஆண்டு பிறந்த அவர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடரானார். அவரருகே நின்று உடன் வாசித்துக் கற்றார். நாதசுரத்தில் வீணைக்கும் கித்தாருக்கும் உள்ளதுபோல் மெட்டுகள் இல்லை. துளைகளின் மேல் விரல் இருப்பினும், சுரத்தை வளைப்பதும் நிறுத்துவதும் சீவாளியைப் பற்றும் உதடும் உள்ளிருந்து வரும் மூச்சுமே. மூச்சு சற்றே தளர்ந்தாலும் சுரம் இறங்கிவிடும். கோயில் வீதியில், திறந்த வெளியில், பெருங்கூட்டத்திடையே ஒலிப்பதற்கென்றே அமைந்த கருவி அது. அத்தகைய கருவியை ஒரு பெண்ணின் மென்குரலுக்கு இணையாக நடத்திக் காட்டினார் அருணாசலம். 1962ஆம் ஆண்டு வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் வாசித்ததைக் கேட்டவர்கள், குரல் எது, குழல் எது என்று ஒரு கணம் மயங்கியிருப்பர். நாதசுரம் பழகாத வீடுகளிலும், நம் முஸ்லிம் வீடுகளிலும், வானொலி வழியே அவ்விசை நுழைந்தது.

ஆனால் அந்த வாழ்வு நீளவில்லை. 1964ஆம் ஆண்டு, நாற்பது வயதைச் சற்றே கடந்த நிலையில் அவர் காலமானார். குரு ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்து எட்டு ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. எத்தனை இராகங்கள் வாசிக்கப்படாமல் போயின! எத்தனை மாணாக்கர் வந்து சேராமல் போயினர்! திறமை யாருடையது வேண்டும் என்று கேட்டால் நாம் தயங்காமல் காருக்குறிச்சியார் பெயரைச் சொல்வோம். வாழ்வு யாருடையது என்று கேட்டால் வேறு திசையில் நோக்க வேண்டியிருக்கிறது.

ஆந்திரத்தின் கரவதி என்னும் ஊரில், தலைமுறை தலைமுறையாக நாதசுரம் வாசித்து வந்த முஸ்லிம் குடும்பத்தில் 1924ஆம் ஆண்டு பிறந்தவர் ஷேக் சின்ன மௌலானா. தந்தையிடமும், பின்னர் சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிபிடமும் பயின்றார். தம் நாட்டு முறையில் தேர்ந்த பிறகும் அவர் நின்றுவிடவில்லை. தஞ்சைப் பாணியின் மேல் கொண்ட காதலால் நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மீண்டும் மாணவராய் அமர்ந்தார். பிறகு திருவரங்கத்தையே தம் ஊராக்கிக்கொண்டார். ஷேக் என்ற பெயரை அவர் மறைக்கவில்லை; மாற்றிக்கொள்ளவுமில்லை. அந்தப் பெயரோடுதான் வைணவர்களின் தலைநகரில் அவரை மதித்து வரவேற்றனர். 1977ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதும், 1998ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டமும் அவரை வந்தடைந்தன. 1999ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

விருதுகளைவிட நாம் பெரிதாக எண்ணுவது அவர் விட்டுச்சென்ற மாணவர் பரம்பரையை. திருவரங்கத்தில் நாதசுரப் பள்ளி அமைத்துக் கற்பித்தார். பேரர்களான காசிம், பாபு இருவரும் அவர் வழியில் வாசித்துப் பெயர் பெற்றனர். அவரிடம் பயின்ற ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபி மகபூப் தம்பதியருக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஒரு முஸ்லிம் பெண்மணி நாதசுரத்தைக் கையிலேந்தி இந்த நாட்டின் சிறப்பைப் பெறுகிறார் என்றால், அதன் பின்னே சின்ன மௌலானாவின் பொறுமை இருக்கிறது.

இங்கே ஒரு வினா எழும். இசையைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது? உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு நெடுங்காலமாக உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் இசை கேட்டலைப் பற்றித் தனிப் பகுதியே எழுதி, எது ஆகும், எது ஆகாது என்று பகுத்துக் காட்டியிருக்கிறார்கள். அத்தீர்ப்பை வழங்கும் தகுதி நமக்கில்லை, அது கற்றறிந்தோர்க்குரியது. நாம் கவலையோடு சுட்டுவது வேறொன்று. ஒரு பிள்ளையிடம் குரலோ விரலோ எழுத்தோ சித்திரமோ எந்தத் திறமை தென்பட்டாலும், அதைக் கண்டவுடன் நாம் செய்வது இரண்டே. ஒன்று, வாயை அடைத்துவிடுகிறோம். அல்லது, இரண்டு மேடை, நான்கு கைதட்டல் என்று அவசரப்பட்டு வெளிச்சத்தில் தள்ளிவிடுகிறோம். தக்க ஆசிரியரைத் தேடிக் கொண்டுபோய் விடுபவர் எத்தனை பேர்? இருபது ஆண்டு காத்திருக்கத் துணிபவர் எத்தனை பேர்?

மேலே கண்ட வாழ்வுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி துலங்குகிறது. ஸிர்யாப் தம் ஆசிரியரை விட்டு ஓட நேர்ந்தது. ஆயினும் தாம் ஆசிரியரானபோது பள்ளியைத் திறந்தார். உமறுவுக்குக் கடிகைமுத்துப் புலவர் கிடைத்தார். அருணாசலத்துக்கு ராஜரத்தினம் பிள்ளை கிடைத்தார். சின்ன மௌலானா, தேர்ந்த கலைஞரான பின்னும் நாச்சியார்கோயில் சென்று மாணவராய் அமரத் தயங்கவில்லை. கல்லிடைக்குறிச்சியார் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் எழுதியும் கற்பித்தும் அளித்தனர். பெற்றுக்கொள்ளும் பணிவும் கொடுத்துவிட்டுப் போகும் மனமும் இருந்த இடத்தில் திறமை ஒருவருடைய ஆயுளைத் தாண்டி வாழ்ந்திருக்கிறது.

ஆகவே நம் விடை இது. திறமையைக் கேட்டால் காருக்குறிச்சி அருணாசலத்தின் மூச்சைக் கேட்போம். வாழ்வைக் கேட்டால் ஷேக் சின்ன மௌலானாவின் வாழ்வைக் கேட்போம். இரண்டும் கிடைக்காதெனில், கல்லிடைக்குறிச்சியில் சுரக்குறிப்பு எழுதி வைத்தாரே, அவருடைய பொறுமையில் ஒரு பங்கையேனும் கேட்போம். முதலிரண்டும் எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. மூன்றாவது முயன்றால் எவர்க்கும் வாய்க்கும். நம் இல்லங்களில் பெரியவர்கள் பாடிய பைத்துகளும் தாலாட்டுகளும் ஞானப் பாடல்களும் எழுதப்படாமல் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. இன்றே ஒரு குறிப்பேட்டை எடுத்து, வீட்டில் உள்ள மூத்தோர் அருகில் அமருங்கள். அவர்கள் அறிந்ததைக் கேட்டு எழுதி வையுங்கள். வல்ல அல்லாஹ் அம்முயற்சிக்குப் பரக்கத் செய்வானாக!