குளிரைத் தேடிப் போன குழாய்

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு உண்டு. அந்த நீரைக் குடிக்கும்படி ஆக்க, சவ்வு வழியே வடிகட்டும் ஆர்.ஓ. எந்திரம் வைக்கிறார்கள். வீட்டு எந்திரமோ ஒரு குடம் நல்ல நீர் தருவதற்குள் அதைவிட அதிகமான நீரைச் சாக்கடைக்கு அனுப்பிவிடுகிறது. லட்சத்தீவில் சவ்வே இல்லாமல் குறைந்த சூட்டில் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்களே, அதை இங்கே கொண்டுவரக் கூடாதா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த முறையின் வரலாற்றைப் பார்த்தால், அதன் தலையெழுத்தை ஒவ்வோர் இடத்திலும் தீர்மானித்தது குளிர்தான் என்று தெரிகிறது. சூடு எங்கும் கிடைக்கும். அதற்குப் பக்கத்திலேயே குளிர்ந்த நீர் கிடைப்பதுதான் அரிது.

தொடக்கத்தில் இது குடிநீருக்கான யோசனையே அல்ல. கடலின் மேல்மட்டச் சூட்டுக்கும் ஆழத்துக் குளிருக்கும் உள்ள வித்தியாசத்தில் மின்சாரம் எடுக்கலாம் என்று பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் குளோத் நம்பினார். குழாய்களைக் கடலுக்குப் பறிகொடுத்த பிறகு, 1930இல் கியூபாவின் மாதான்சாஸ் விரிகுடாவில் 22 கிலோவாட் எடுத்தும் காட்டினார். 1993இல் சென்னையில் தொடங்கிய தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் இதே கனவோடு ‘சாகர் சக்தி’ என்ற மிதவையைத் தூத்துக்குடிக் கடலுக்குக் கொண்டுபோனது. அங்கும் காலை வாரிவிட்டது குளிர்நீர்க் குழாய்தான். மின்சாரம் கைகூடவில்லை, குழாயைப் பற்றிய படிப்பினை மிஞ்சியது. அதை வைத்து 2005இல் லட்சத்தீவின் கவரத்தியில் குடிநீர் ஆலையை நிறுவினார்கள். நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர். தோற்ற திட்டத்தின் மிச்சத்திலிருந்து பிறந்த வெற்றி என்று இதைச் சொல்லலாம்.

கவரத்தி ஏன்? பவளத் தீவு என்பதால் கரையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கடல் செங்குத்தாக இறங்குகிறது. ஏறக்குறைய 600 மீட்டர் குழாய் போட்டாலே 350 மீட்டர் ஆழத்து நீர் கிடைத்துவிடும். மேலே 28 டிகிரி, அடியில் 12, 13 டிகிரி. காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் மேல்நீரை விட்டால் 22 டிகிரியிலேயே கொதிக்கிறது. கை வைத்தால் சுடாது, ஆனாலும் கொதிநீர்தான். எழும் ஆவி, ஆழத்து நீர் ஓடும் குழாய்களில் பட்டுத் துளித்துளியாகச் சொட்டுகிறது. உள்ளே போகும் நூறு லிட்டரில் நன்னீராவது சுமார் ஒரு லிட்டர். மீதி, உப்பு கொஞ்சமே கூடிய நிலையில் கடலுக்குத் திரும்புகிறது.

நூற்றுக்கு ஒன்று என்றால் வீண் வேலை அல்லவா, பம்புக்கும் காற்றை உறிஞ்சவும் மின்சாரம் வேண்டாமா, கடலோர ஆர்.ஓ. ஆலைக்கு அதைவிடக் குறைவாகத்தானே ஆகிறது என்று கேட்கலாம். கேள்வி சரியானது. தீவில் அந்த மின்சாரம் கப்பலில் வரும் டீசலிலிருந்து வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சவ்வுக்கு ரசாயனம் வேண்டும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அடர்ந்த உப்புக்கழிவைப் பவளத்தின் தலையில் கொட்ட வேண்டும். மழைக்காலத்தில் கப்பல் தடைபடும் ஊரில் மின்கணக்கு மட்டும் பார்த்தால் போதாது. அகத்தி, மினிக்காய்த் தீவுகளுக்கும் 2011இல் இதே ஆலை போனது.

தரைப்பகுதியில் கதை வேறு. 2007இல் சென்னைக்கு அப்பால் மிதவையில் நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் எடுத்துப் பார்த்தார்கள். ஆழம் தேடி 40 கிலோமீட்டர் கடலுக்குள் போக வேண்டியிருந்தது. சென்னை கடைசியில் மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் தரும் சவ்வு ஆலைகளைத்தான் கட்டியது. 2009இல் வடசென்னை அனல் மின்நிலையத்தில் செய்ததே எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. நிலையம் வெளியேற்றும் வெந்நீரைச் சூடாகவும் சாதாரணக் கடல்நீரைக் குளிராகவும் வைத்து, நாளுக்கு ஒன்றரை லட்சம் லிட்டர் எடுத்தார்கள்.

அப்படியானால் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டு உருக்காலைகளின் வீண்சூடு? சூடு இருக்கிறது, ஆவியைக் குளிர்விக்க ஓயாமல் ஓடும் நீர் எங்கே? வற்றும் ஊரில் ஒரு லிட்டருக்காகப் பல லிட்டரை ஓடவிட முடியாது. இடுக்கி மலையில் குளிர்ந்த நீர் உண்டுதான், ஆனால் அது ஏற்கெனவே நல்ல நீர். கொழிஞ்சாம்பாறை அடங்கிய சித்தூரின் கணக்கு வேறு ஏட்டில் இருக்கிறது: 1970ஆம் ஆண்டுப் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழகம் மணக்கடவில் கேரளத்துக்குத் தர வேண்டியது ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நாளுக்குச் சராசரியாகப் பார்த்தால் சுமார் 56 கோடி லிட்டர்.