பாடலி முதல் அதிகை வரை: கெடிலக்கரைச் சமணப் பள்ளியின் எச்சமும் காப்பும்

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையும் கடலூரின் திருப்பாதிரிப்புலியூரும் கெடில ஆற்றங்கரை ஊர்கள். பின்னதில் இருந்த சமணப் பள்ளியை இடித்த பொருளால் முன்னதில் சிவன் கோயில் எழுந்தது என்பது மரபு. இம்மரபின் உறுதியையும், பள்ளியின் எச்சம் கண்ணில் படாத காரணத்தையும், எஞ்சியதைக் காக்கும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இங்கு சமணக் கல்வி தழைத்ததற்குக் காலம் குறித்த சான்று 'லோகவிபாகம்'. சர்வநந்தி என்ற துறவி இயற்றிய அதன் பிராகிருத மூலம் மறைந்துவிட்டது. சிம்மசூரியின் வடமொழி வடிவமே எஞ்சியது. சக ஆண்டு 380இல் (கி.பி. 458), காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், பாணராட்டிரத்துப் பாடலிகையில் மூலநூல் நிறைவுற்றதாக அது குறிக்கிறது. பாடலிகை திருப்பாதிரிப்புலியூரே என்பர் ஆய்வாளர். பண்ருட்டிப் பகுதித் திருவாமூரில் பிறந்த மருணீக்கியார் அப்பள்ளியில் தருமசேனராக உயர்ந்ததையும், சூலை நோயோடு திருவதிகையில் தமக்கை திலகவதியாரை வந்தடைந்து அப்பராக மலர்ந்ததையும் பெரியபுராணம் விரிக்கிறது.

பள்ளியையும் பாழிகளையும் (சமணர் உறைவிடங்கள்) இடித்துக் கொணர்ந்து பல்லவன் திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் என்பதும் பெரியபுராண ஆசிரியர் சேக்கிழார் தரும் செய்தியே. அவர் 12ஆம் நூற்றாண்டினர். நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ 500 ஆண்டு பிந்தியவர். மன்னனைக் காடவன் என்கிறாரே தவிர மகேந்திரவர்மன் என்று சொல்லவில்லை. கோயிற்பெயரைக் 'குணபரன்' என்ற மகேந்திரனின் விருதுப்பெயரோடு பொருத்தியே ஆய்வாளர் அவனை அடையாளம் கண்டனர். குணபரன் மாற்று நெறியிலிருந்து திரும்பியதைத் திருச்சி மலைக்குடைவரைக் கல்வெட்டு குறிக்கிறது. ஆகவே, மன்னனின் மனமாற்றத்துக்குச் சமகாலச் சான்று உண்டு. இடிப்புக்கோ பிற்கால இலக்கியமே சான்று.

இடிபாடு ஏன் தெரியவில்லை? மகேந்திரனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டே விடைக்கு வழி காட்டுகிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் அமைத்ததை அது பெருமையாகச் சொல்கிறது. அப்படியென்றால் அக்கால வழக்கம் செங்கல்லும் மரமுமே. பாடலிப் பள்ளியும் அவ்வாறே கட்டப்பட்டிருக்க வேண்டும். மரம் மக்கும், செங்கல்லை அடுத்த கட்டடம் எடுத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1536–40இல் கலைத்த மடங்களில் சில, கல்லால் ஆனவை என்பதால் இன்றும் சுவர்களாக நிற்கின்றன. மாறாக, நாகப்பட்டினத்தில் நூற்றாண்டுகள் நின்ற பௌத்தச் செங்கற்கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டு முற்றிலும் மறைந்தது.

எனவே, இங்கே காக்க வேண்டியது நிற்கும் சுவரை அல்ல, மண்ணுக்குள் கிடக்கும் அடித்தளத்தை. 1958ஆம் ஆண்டு மத்தியத் தொல்லியல் சட்டமும் 1966ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டமும், பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கே முழு அரண். மத்தியச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்ற 2010ஆம் ஆண்டுத் திருத்தமும் அவ்வாறே. அறிவிப்பு இல்லாத மேடும் வயலும் வீட்டு மனையாக மாறினால் சான்று நிரந்தரமாக அழியும்.

திருப்பாதிரிப்புலியூர் முதல் திருவதிகை வரை கெடிலக்கரையில் முறையான தொல்லியல் கள ஆய்வு தேவை. கடைக்கால் தோண்டும்போது பழைய பெருஞ்செங்கல்லோ சிலையோ தென்பட்டால் பணியை நிறுத்தி, வருவாய்த் துறைக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். பெயர்த்து எடுத்த செங்கல் வெறும் செங்கல். கிடந்த இடத்தில் ஆராயப்பட்டால்தான் அது வரலாற்றுச் சான்று.