மாறிய பெயர்ப்பலகை

புகைப்படம் பொய் சொல்லாது என்று நினைக்கிறீர்களா? 1917-இல் ரஷ்யப் புரட்சியின்போது பெட்ரோகிராடு நகரத் தெருவில் படைவீரர்கள் கொடியேந்தி ஆர்ப்பரித்த காட்சி படமெடுக்கப்பட்டது. பின்னாலிருந்த கடைப்பலகையில் ‘கடிகாரங்கள், தங்கம், வெள்ளி’ என்று எழுதியிருந்தது. பின்னர் அஞ்சலட்டையாக வந்த அதே படத்தில், ‘உங்கள் உரிமைக்காகப் போராடுங்கள்’ என்று பலகை மாறியது! கொடியிலும் புது முழக்கம் ஏறியது.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில், படத்தின்மேல் தூரிகையால் தீட்டி, அதை மீண்டும் படமெடுப்பார்கள். திருத்தம் இயல்பாகத் தோன்ற, பலகையின் சாய்வுக்கேற்பத் தொலைவிலுள்ள எழுத்துகள் சிறுக்க வேண்டும். சுவரில் விழும் வெயிலும் நிழலும் எழுத்திலும் விழ வேண்டும். இன்று கணிப்பொறி நொடியில் திருத்தினாலும் ஒளியின் விதிகள் அவையே. ஆகவே, ஐயம் எழுந்தால் முதலில் நிழலைப் பாருங்கள், மூலப்படத்தையும் தேடுங்கள். வீரர்கள் திரண்டது உண்மை. பொய் எழுத்தோ அந்த உண்மையையே ஐயத்துக்குள்ளாக்கிவிட்டது.