இராவணன் கோட்டை வெள்ளி

பாமன்கடையில் இருந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே நடந்தால் இருபது நிமிடத்தில் வெள்ளவத்தைக் கடற்கரை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கருங்கல்லில் குந்தியிருக்கும் பொடியன்களிடம் "தண்ணிக்குள்ள என்ன கிடக்கு?" என்று கேட்டால் மீன் என்பார்கள். கப்பலும் கிடக்கிறது. 1917இல் ஜெர்மனியரின் 'வுல்ஃப்' என்ற போர்க்கப்பல் கொழும்புக்கு வெளியே இரகசியமாகப் போட்டுவிட்டுப் போன கண்ணிவெடிகளில் 'வூஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' என்ற இரண்டு பிரித்தானியக் கப்பல்கள் சிக்கித் தாண்டுபோயின. இன்றைக்குச் சுழியோடிகள் அவற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பார்ப்பது வேறு, படிப்பது வேறு. தாண்ட கப்பலைப் படிக்கும் வேலை, அதாவது கடல் தொல்லியல், இந்தத் தீவில் பிறந்ததற்கு ஒரு வெள்ளிக் கட்டிதான் முதற் காரணம் என்பேன்.

அதைக் கண்டெடுத்தவர் மைக் வில்சன். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி, நீருக்கடியில் படம் பிடிப்பவர். தமிழர்களுக்கு அவரை வேறொரு காரியத்துக்காகவும் தெரிந்திருக்க வேண்டும். திருக்கோணமலைக் கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் 1620களில் இடித்தார்கள். 1950இல் அங்கே கிணறு வெட்டப் போன தொழிலாளிகளின் மண்வெட்டியில் பழைய செப்புத் திருமேனிகள் தட்டுப்பட்டன. ஆறு வருடம் கழித்து, கோயில் நின்ற சுவாமி மலையின் அடிவாரக் கடலில் மூழ்கிய வில்சன், பாசி பிடித்த தூண்களையும் ஒரு இலிங்கத்தையும் கண்டார். அந்த இலிங்கம் திரும்பக் கோயிலுக்கே போய்ச் சேர்ந்தது. கடலில் விழுந்தது கடலோடு போய்விடாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அதை யாரும் தொல்லியல் என்று சொல்லவில்லை. அதிசயம் என்றார்கள்.

1961 மார்ச்சில் வில்சன் இரண்டு சிறுவர்களை வைத்துக் கடலடிப் படம் ஒன்று எடுத்துக்கொண்டிருந்தார். இடம், தென்கிழக்குக் கடலில் கிரேட் பாசஸ் வெளிச்சவீடு நிற்கும் பாறைத் தொடர். சிங்களத்தில் அதற்கு மகா இராவணன் கோட்டை என்று பெயர். வாடை ஓய்ந்து சோளகம் எழும்புமுன் கிடைக்கும் சில வாரங்களில்தான் அந்தப் பாறைப் பக்கம் இறங்க முடியும். மற்ற நாட்களில் அலை ஆளைக் கல்லில் அடித்துவிடும். அங்கேதான் சின்ன வெண்கலப் பீரங்கிகளும் அவற்றுக்குப் பக்கத்தில் கறுத்துப்போன கட்டிகளும் கிடந்தன.

கட்டி ஒவ்வொன்றும் ஒரு பை. பையில் ஏறக்குறைய ஆயிரம் வெள்ளி ரூபாய். பை உக்கிப் போய்விட்டது, ஆனால் உப்புநீர் வெள்ளியை அரிக்க, அரித்த வெள்ளியும் பவளச் சுண்ணாம்பும் சேர்ந்து காசுகளை ஒன்றோடொன்று ஒட்டிவிட்டதால் பையின் வடிவம் மட்டும் போகவில்லை. ஒரு ரூபாய் பதினொன்றரைக் கிராம் என்று வைத்தால் கட்டி ஒன்று பதினொரு கிலோவைத் தாண்டும். தூக்கிக்கொண்டு மேலே வருவது சும்மா வேலையில்லை.

வெள்ளியின் விலையைப் பற்றித்தான் ஊர் பேசியது. எனக்கு விலையைவிட வருடம் பெரிது. காசுகள் சூரத் நாணயச்சாலையில் ஔரங்கசீப்பின் பெயரில் அடிக்கப்பட்டவை. ஹிஜ்ரி 1113, நம் கணக்கில் 1701–02. ஒரு சந்தையில் கைமாறிக் கைமாறிச் சேர்ந்த பணமென்றால் பத்து ஊர்க் காசும் இருபது வருடமும் கலந்திருக்கும். இது ஒரே ஊர், ஒரே வருடம். நாணயச்சாலையில் அச்சு ஆறுமுன் பையில் கட்டிக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். கப்பல் எப்போது புறப்பட்டது என்று ஏட்டில் தேடாமல் காசே சொல்கிறது. புதையல் சாட்சியாக மாறியது இந்த இடத்தில்தான்.

1963இல் வில்சன் கிளார்க்கோடு மறுபடி போனபோது கூடப் போனவர் பீட்டர் த்ரொக்மோர்ட்டன். 1960இல் துருக்கியின் கெலிடோனியா முனையில், தரையில் தோண்டும் அதே ஒழுங்கோடு கடலடியில் ஒரு கப்பலை முழுதாக அகழ்ந்த முதல் முயற்சியில் இருந்தவர். உலகத்திலேயே அந்தத் துறைக்கு அப்போது மூன்று வயது. எது எங்கே கிடக்கிறது என்று வரைந்துகொள்ளும் பழக்கம் அவரோடுதான் இராவணன் கோட்டைக்கு வந்தது. அடுத்த வருடம் கிளார்க் அந்தக் கதையைப் புத்தகமாக்கினார். வில்சனோ இடையிலேயே 'ரன் முத்து தூவ' என்ற சிங்களத்தின் முதல் வண்ணப்படத்தையும் எடுத்து முடித்திருந்தார். பின்னாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சுவாமி சிவகல்கி ஆனார். கோணேசர் விடவில்லை என்று எங்கள் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொல்வார்.

அதற்குப் பிறகு நீண்ட மௌனம். 1992இல்தான் காலித் துறைமுகத்தில் முறையான ஆய்வு தொடங்கியது, மேற்கு அவுஸ்திரேலிய நூதனசாலையின் ஆட்களோடு. அடுத்த வருடம் 'அவொண்ட்ஸ்டர்' அகப்பட்டது: மாலை வெள்ளி என்று பொருள்படும் டச்சுக் கப்பல், 1659இல் நங்கூரம் வழுக்கிக் கரையில் மோதியது. நாலைந்து மீட்டர் ஆழம், கரையில் நின்று கல்லெறியும் தூரம். வெள்ளி கிடையாது. கயிறு, மட்பாண்டம், பீரங்கி, சமையற்கட்டு இருந்த இடம். இவற்றைத் தூக்க ஆள் வேண்டும், தூக்கியதை உப்புப் போக ஊறவைக்கத் தொட்டி வேண்டும். 2001இல் மத்திய கலாசார நிதியத்தின் கீழ் கடல்சார் தொல்லியல் பிரிவு காலியில் அமைந்தது. பிறப்புப் பதிவு எழுதுவதென்றால் அந்தத் திகதியைத்தான் எழுத வேண்டும். பிள்ளைக்கு நாலு வயதாகுமுன் 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் வந்து கட்டடத்தையும் தொட்டிகளையும் அள்ளிக்கொண்டு போனது. கடலில் இருந்து எடுத்தவற்றில் ஒரு பங்கு கடலுக்கே திரும்பிவிட்டது. மிஞ்சியதை இடிபாட்டுக்குள் இரண்டாம் தரம் தேடி எடுத்தார்கள்.

அதற்கு முந்திய வருடம் அம்பாந்தோட்டைப் பக்கம் கொடவாயவில், சங்கு குளிக்கும் இரண்டு பேர் முப்பது மீட்டருக்கும் கீழே வேறொரு கப்பலைக் கண்டிருந்தார்கள். 2012 முதல் 2014 வரை அமெரிக்க ஆய்வாளர்களும் தொல்பொருள் திணைக்களமும் சேர்ந்து அகழ்ந்தார்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடப் பழசு. இந்து சமுத்திரத்தில் இதுவரை தெரிந்த கப்பல்களில் இதுவே மூத்தது. ஏற்றியிருந்தது இன்னும் பண்டமாக்காத கண்ணாடிக் கட்டிகள், இரும்பு, கறுப்பும் சிவப்புமான மட்பாண்டங்கள். 1961இல் இதே கப்பல் கண்ணில் பட்டிருந்தால் யாரும் இரண்டாம் தரம் மூழ்கியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அங்கே கிடைத்த கற்களில் ஒன்று சின்ன வாங்கு போன்றது. காலும் உண்டு, மேலே மீன் முதலான மங்கலச் சின்னங்களும் உண்டு. அதன் படத்தைக் கைபேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "அம்மிக்கு எதுக்கடா கால்?" என்றார்.