பூஜ்யம் என்றால் வெற்றி

தேர்வில் பூஜ்யம் வாங்கினால் என்ன ஆகும் என்பதை நீங்கள் அறிவீர்கள். யூனிக்ஸ் கணிப்பொறியிலோ, ஒரு கட்டளை பழுதின்றி முடிந்தால் அது திருப்பித் தரும் எண் பூஜ்யம்தான். வெற்றி ஒரே வகை, தோல்வியோ பல வகை. ஆகவே மற்ற எண்களெல்லாம் தோல்விகளுக்கு ஒதுக்கப்பட்டன.

யூனிக்ஸ் 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதன் முன்னோடியான மல்டிக்ஸில் பிழைகளிலிருந்து மீள்வதற்கென்றே ஏராளமான நிரல் உண்டு. கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் அதில் பெரும்பகுதியை விட்டுவிட்டார்கள். உட்கருவில் மீள முடியாத பிழை நேர்ந்தால் 'பேனிக்' என்னும் பகுதி இயங்கும், பொறி நின்றுவிடும். முரட்டு வழிதான். ஆனால் பிழை மறைந்து கிடக்காது.

1979-இல் ஏழாம் பதிப்புடன் ஸ்டீபன் போர்ன் எழுதிய 'ஷெல்' வந்தது. கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்தால் அது ஒவ்வொன்றாக நிறைவேற்றும். ஒன்று தோற்றாலும், நாம் தடுக்காவிட்டால், அடுத்ததற்குப் போய்விடும்!

இது எங்கே ஆபத்தாகிறது? 1991-இல் தோன்றிய லினக்ஸில், 1995-இன் 1.2 பதிப்பு முதல், சாதனங்களை இயக்கும் டிரைவர்களை மாட்யூல்களாக, பொறி ஓடும்போதே சேர்க்கவும் நீக்கவும் முடிந்தது. புதிய டிரைவரைச் சோதிக்கும் ஒருவர் மூன்று வரி எழுதுகிறார் என்று கொள்வோம்: பழையதை நீக்கு, புதியதை ஏற்று, சோதி. பழையதை வேறொரு நிரல் பயன்படுத்திக்கொண்டிருந்தால் உட்கரு அதை நீக்க மறுக்கும். அதே பெயரில் இன்னொன்றை ஏற்றவும் மறுக்கும். ஷெல் இரண்டு மறுப்புகளையும் தாண்டிச் சோதனைக்குப் போகிறது. தேறியது பழைய டிரைவர், மதிப்பெண் புதியதற்கு!

தோல்வி கண்டதும் நிற்கச் செய்யும் 'செட் -இ' போர்னின் ஷெல்லிலேயே உண்டு. அதை மட்டும் நம்புவது என் கருத்தில் போதாது. பொறியில் டிரைவர் ஏற்றப்படாமலே இருந்தால், நீக்கும் கட்டளை தோற்கும்; அந்தத் தீங்கற்ற தோல்விக்கும் வேலை நின்றுவிடும். எனவே முதலில் '/ப்ராக்/மாட்யூல்ஸ்' பட்டியலைப் படித்து, மாட்யூல் இருந்தால் மட்டும் நீக்க வேண்டும். நீக்கியபின் மறுபடி பார்க்க வேண்டும். நடுவில் நின்றாலும் பொறியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கட்டளைகளை 'ட்ராப்' என்பதில் எழுதி வைக்கலாம்.

இன்னொரு பொறி, குழாய்த் தொடர். முதற்கட்டளையின் செய்தியைக் கோப்பில் பதிய 'டீ' என்னும் கட்டளைக்கு அனுப்பினால், கடைசிக் கட்டளையின் எண்ணே முழுத் தொடரின் எண்ணாகும். ஏற்றுதல் தோற்றாலும் 'டீ' பூஜ்யம் சொல்லிவிடும். இதைத் தடுக்கும் 'பைப்ஃபெயில்' வசதி பேஷ் ஷெல்லில் 2004-இல், 3.0 பதிப்புடன் வந்தது.