நெட்ஃபிளிக்ஸில் இருப்பது முழு 'ஃபிரெண்ட்ஸ்' இல்லையா? பழைய டிவிடி செட்டை ரசிகர்கள் தேடுவது ஏன்?

பத்து தடவை பார்த்த எபிசோட். அடுத்து சாண்ட்லர் என்ன சொல்வார், ராஸ் எப்படி முழிப்பார் என்பது வரைக்கும் மனப்பாடம். அதே எபிசோடை நண்பர் வீட்டில் பழைய டிவிடியில் போட்டால், நடுவில் ஒரு புது ஜோக் வருகிறது. "இது எப்போ வந்துச்சு?" என்று ரிமோட்டை எடுத்து பின்னால் ஓட்டிப் பார்க்கிறார்கள். நினைவு ஒன்றும் பிசகவில்லை. அந்த ஜோக் நெட்ஃபிளிக்ஸில் உண்மையிலேயே கிடையாது.

'ஃபிரெண்ட்ஸ்' சிட்காமைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள் என்றாவது ஒருநாள் வந்து மோதும் விஷயம் இது. ஒரே எபிசோடுக்கு ஒன்றுக்கும் மேற்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. ஸ்ட்ரீமிங்கில் ஒன்று, டிவிடியில் ஒன்று, சேனல்களின் மறு ஒளிபரப்பில் இன்னொன்று. இது எப்படி ஆனது?

22 நிமிஷக் கணக்கு

அமெரிக்காவின் என்பிசி சேனலில் 1994 செப்டம்பர் 22 அன்று தொடங்கிய தொடர் இது. 10 சீசன், 236 எபிசோட். 2004 மே 6 அன்று வந்த கடைசி எபிசோடை அமெரிக்காவில் மட்டும் சுமார் 5 கோடியே 25 லட்சம் பேர் பார்த்தார்கள்.

சேனல் ஒதுக்கிய நேரம் அரை மணி நேரம். விளம்பரம் போக கதைக்கு மிஞ்சியது ஏறக்குறைய 22 நிமிடம்தான். ஆனால் செட்டில் எடுத்தது அதைவிட ரொம்ப அதிகம். பர்பேங்கில் உள்ள வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோவில், சுமார் 300 பார்வையாளர்கள் எதிரே உட்கார்ந்திருக்க நாடகம் மாதிரி நடித்து ஷூட் செய்வார்கள். ஒரு ஜோக்குக்குக் கூட்டம் சிரிக்கவில்லை என்றால் எழுத்தாளர்கள் அங்கேயே கூடிப் பேசி வேறு ஜோக்கை எழுதிக் கொடுப்பார்கள். மறுபடி டேக் போகும். ஒரு எபிசோடை முடிக்க ஐந்து மணி நேரத்துக்கு மேலே ஆனதும் உண்டு. (பின்னணியில் கேட்கும் சிரிப்பு எல்லாமே மெஷின் சிரிப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய பேர். பாவம், அந்த 300 பேர்!)

இப்படி எடுத்ததை 22 நிமிடத்துக்குள் அடைக்க வேண்டும். நல்ல ஜோக்கும் சேர்ந்துதான் வெட்டுப்படும். நன்றாக இல்லாததால் வெட்டப்பட்டது என்றில்லை, இடம் இல்லாததால் வெட்டப்பட்டது.

டிவிடியில் எப்படி வந்தது?

2002-ல் அமெரிக்காவில் முதல் சீசன் முழு செட்டாக டிவிடியில் வந்தது. டிவிடிக்கு விளம்பர இடைவெளி கிடையாது, கடிகாரமும் கிடையாது. அதனால் ஒளிபரப்பின்போது வெட்டிய காட்சிகளைத் தயாரிப்பாளர்கள் மீண்டும் எபிசோடுக்குள்ளேயே சேர்த்தார்கள். 'நீக்கப்பட்ட காட்சிகள்' என்று தனியாக ஓர் ஓரத்தில் போடாமல், இருக்க வேண்டிய இடத்திலேயே வைத்தார்கள். சில எபிசோடில் சில நொடிதான் கூடும். சிலதில் இரண்டு, மூன்று நிமிடம் வரை வித்தியாசம் வரும். கெவின் பிரைட், மார்த்தா காஃப்மன், டேவிட் கிரேன் மூவரும் உட்கார்ந்து பேசும் விளக்கவுரை சில எபிசோடுகளுக்கு உண்டு. எந்த ஜோக் ஏன் வந்தது, எந்த நாளில் யாருக்கு உடம்பு சரியில்லை என்கிற கதையெல்லாம் அந்த மாதிரி விளக்கவுரைகளில்தான் கிடைக்கும்.

அப்புறம் ப்ளூ-ரே வந்தது. ரசிகர்களுக்குள் சண்டை தொடங்கியது அங்கேதான்.

படம் தெளிவு, கதை குட்டை

2012 நவம்பரில் மொத்தத் தொடரும் ப்ளூ-ரேயில் வந்தது. படம் கண்ணாடி மாதிரி தெளிவு. அகலத்திரை. ஆனால் கூடுதல் காட்சிகள் எபிசோடுக்குள் இல்லை. 1994 முதல் 2004 வரை டிவியில் வந்த அதே 22 நிமிட வடிவம்தான். ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் போனதும் இந்த வடிவமே. ஆகவே நெட்ஃபிளிக்ஸில் பார்ப்பவர் 'வெட்டப்பட்ட' ஃபிரெண்ட்ஸைப் பார்க்கிறார் என்று சொல்வது சரியாகாது. அன்றைக்கு அமெரிக்க வீடுகளில் ஓடியதைத்தான் பார்க்கிறார். டிவிடிக்காரர் பார்ப்பது அதைவிட நீளமான ஒன்று.

இதில் எது 'ஒரிஜினல்' என்று கேட்டால் பதில் கொஞ்சம் சிக்கல். ஒளிபரப்பானதுதான் ஒரிஜினல் என்பது ஒரு கட்சி. தயாரிப்பாளர்களே பின்னாடி சேர்த்துக் கொடுத்ததுதான் முழுசு என்பது இன்னொரு கட்சி. நேர்மையாகச் சொன்னால், எல்லா கூடுதல் ஜோக்கும் தங்கம் இல்லை. சில இடங்களில் 22 நிமிட வடிவத்தின் வேகம்தான் நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு கதாபாத்திரம் ஏன் கோபமாக இருக்கிறது என்பது டிவிடியில்தான் சரியாகப் புரியும் இடங்களும் உண்டு.

மூன்றாவது வடிவத்தையும் மறந்துவிடக் கூடாது. மறு ஒளிபரப்பு உரிமை வாங்கும் சேனல்கள் விளம்பரத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் தேடி, 22 நிமிடத்திலும் கை வைக்கும். இந்தியாவில் ஆங்கில சேனல்களில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு அனுபவமும் இருக்கும். வசனம் திடீரென்று ஊமையாகும், கீழே ஓடும் சப்டைட்டிலில் வேறு வார்த்தை வரும்.

1990-களின் தொடர் எப்படி ஹெச்டி ஆனது?

நிறைய பேருக்கு வரும் சந்தேகம் இது. ஃபிரெண்ட்ஸ் வந்த காலத்தில் வீடுகளில் இருந்தது பெட்டி டிவி. அப்புறம் எங்கிருந்து வந்தது இந்தத் தெளிவு?

தொடரை எடுத்தது 35 எம்எம் ஃபிலிமில், சினிமாவுக்குப் பயன்படும் அதே ஃபிலிம். எடிட்டிங் மட்டும் அன்றைய சாதாரண வீடியோ தரத்தில் நடந்தது. ஹெச்டிக்காக அசல் நெகட்டிவைத் தேடி எடுத்து, ஸ்கேன் செய்து, ஷாட் ஷாட்டாக மறுபடி கோர்க்க வேண்டியிருந்தது. 236 எபிசோடுக்கும்! 2024-ல், தொடரின் 30-வது ஆண்டில், 4கே டிஸ்க்காகவும் வந்தது என்றால் அதற்கும் அந்த நெகட்டிவ்தான் காரணம்.

இந்தப் பழக்கத்துக்கு முன்னோடி 1951-ல் வந்த 'ஐ லவ் லூசி'. ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் மேற்பார்வையில், மூன்று ஃபிலிம் கேமராக்களை வைத்து பார்வையாளர் முன்னால் எடுத்தார்கள். அதனால்தான் 70 வருஷம் தாண்டியும் லூசி பளிச்சென்று இருக்கிறார். அதே சமயம், 1971-ல் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி' வீடியோ டேப்பில் எடுக்கப்பட்டது. எவ்வளவு பணம் கொட்டினாலும் டேப்பில் பதிவான அளவுக்கு மேல் அதில் விவரம் கிடைக்காது.

பிரிட்டனில் நிலைமை இன்னும் மோசம். பிபிசி 1960, 70-களில் டேப்பை அழித்து அதன் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தது. டேப் விலை அப்படி. 'டாட்ஸ் ஆர்மி' என்ற புகழ்பெற்ற சிட்காமின் இரண்டாவது சீசனில் மூன்று எபிசோடுகள் இன்று வரை காணவில்லை.

அகலத்திரையின் வம்பு

பழைய டிவி 4:3 அளவு, கிட்டத்தட்ட சதுரம். இப்போதைய டிவி 16:9. ஃபிலிமில் பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதல் இடம் பதிவாகியிருந்ததால், ஃபிரெண்ட்ஸை அகலமாக்கும்போது அதைத் திறந்துவிட்டார்கள். அன்றைக்கு யாரும் பார்க்கப் போவதில்லை என்று நினைத்து விட்டதெல்லாம் இப்போது திரையில். சில காட்சிகளில் ஓரத்தில் நிற்பது நடிகை இல்லை, அவருக்குப் பதிலாக நிறுத்தப்பட்ட வேறொருவர்! ரசிகர்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டு வைரலாக்கினார்கள்.

'சைன்ஃபெல்ட்' நிலைமை வேறு. 2021 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது, அகலத்திரைக்காக மேலேயும் கீழேயும் வெட்டியிருந்தார்கள். சாலைப் பள்ளத்தை வைத்தே எழுதிய 'தி பாட்ஹோல்' எபிசோடில், ஜார்ஜ் குனிந்து பார்க்கும் அந்தப் பள்ளமே ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது. பழைய டிவிடியில் பள்ளம் பத்திரமாக இருக்கிறது.

பாட்டு உரிமை என்ற பூதம்

பழைய சிட்காம் வீட்டு வீடியோவில் வராமல் போவதற்கும், வந்தால் வேறு மாதிரி வருவதற்கும் பெரிய காரணம் பாட்டு. 1978 முதல் 1982 வரை சிபிஎஸ் சேனலில் வந்த 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' இதற்கு சரியான உதாரணம். கதை நடப்பதே ஒரு ரேடியோ நிலையத்தில். அன்றைய ஹிட் ராக் பாட்டுகள் எபிசோடு முழுக்க ஓடும். டிவி ஒளிபரப்புக்கு என்று வாங்கிய உரிமை காலாவதியானதும் பாட்டுகளை எடுத்துவிட்டு, யாரோ வாசித்த அடையாளம் தெரியாத இசையைப் போட்டார்கள். 2007-ல் வந்த முதல் சீசன் டிவிடியிலும் நிறைய பாட்டு மாறியிருந்தது. ரேடியோ பற்றிய தொடரில் ரேடியோவில் ஓடிய பாட்டே இல்லை! கடைசியில் 2014-ல் ஷவுட் ஃபேக்டரி நிறுவனம் உரிமைகளைத் தேடிப் பிடித்து வாங்கி, பெரும்பாலான பாட்டுகளோடு முழுத் தொடரையும் வெளியிட்டது.

ஸ்ட்ரீமிங்கில் இருந்தால் போதாதா?

இருக்கும் வரை போதும். அமெரிக்க நெட்ஃபிளிக்ஸில் 2015 ஜனவரி 1 அன்று வந்த ஃபிரெண்ட்ஸ், 2019 முடிந்ததோடு அங்கிருந்து போய்விட்டது. 2020 மே மாதம் ஹெச்பிஓ மேக்ஸ் தொடங்கும் வரை அங்குள்ள ரசிகர்களுக்கு சந்தாவில் பார்க்க வழியில்லை. டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கு அந்த நான்கைந்து மாதங்களில் ஒரு குறையும் இல்லை.

காணாமல் போவதைவிட, சத்தமில்லாமல் மாறுவது பெரிய பிரச்னை. 2022 பிப்ரவரியில் சீனாவின் ஸ்ட்ரீமிங் தளங்களில் ஃபிரெண்ட்ஸ் மறுபடி வந்தபோது, ராஸின் முன்னாள் மனைவி கேரல் ஒரு லெஸ்பியன் என்பது பற்றிய பேச்சே நீக்கப்பட்டிருந்தது. முன்பு முழுசாகப் பார்த்திருந்த சீன ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். அமெரிக்காவிலும் 2020-ல், முகத்தில் கறுப்புச் சாயம் பூசி நடித்த காட்சிகள் இருந்த '30 ராக்' எபிசோடுகளை, அதை உருவாக்கிய டினா ஃபேயின் கோரிக்கையின் பேரில் தளங்கள் எடுத்துவிட்டன. அந்தக் காட்சிகள் வேண்டும் என்பது இங்கே வாதம் இல்லை. எடுத்தது சரியா தப்பா என்று பேசவும், எடுத்தது என்ன என்று பார்க்க ஒரு பிரதி எங்கேயாவது இருக்க வேண்டும். அது இப்போது டிஸ்க்கில்தான் இருக்கிறது.

ஃபிரெண்ட்ஸிலேயே ஒரு காட்சி ஒளிபரப்புக்கு முன்பே இப்படிப் போனது. எட்டாவது சீசனில், தேனிலவுக்குக் கிளம்பும் சாண்ட்லர் விமான நிலையத்தில் வெடிகுண்டு பற்றி ஜோக் அடித்து மாட்டிக்கொள்வதாக எடுத்திருந்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்தது. அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டு வேறு கதையை எடுத்து அக்டோபரில் ஒளிபரப்பினார்கள். நீக்கிய காட்சி பல வருஷம் கழித்து இணையத்தில் உலாவியது.

'வாங்கு' என்ற பட்டனை அழுத்தி டிஜிட்டலாக வாங்கினாலும் கிடைப்பது பார்க்கும் அனுமதி மட்டுமே. இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா மாகாணம் சட்டமே போட்டு, 2025 ஜனவரி 1 முதல் அமலுக்குக் கொண்டுவந்தது.

டிஸ்க் வாங்கலாம் என்று இருப்பவர்களுக்கு

முதலில் ரீஜன் கோட். டிவிடிக்கு அமெரிக்கா ரீஜன் 1, பிரிட்டன் 2, இந்தியா 5. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வாங்கி வரும் செட் இங்குள்ள பிளேயரில் ஓடாமல் போகலாம். எல்லா ரீஜனையும் ஏற்கும் பிளேயர்தானா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ப்ளூ-ரேக்கு கணக்கு வேறு: இந்தியா சி மண்டலம், அமெரிக்கா ஏ.

அடுத்தது வேகம். பால் முறையில் தயாரான டிவிடியில் நொடிக்கு 24 ஃபிரேம் என்பதை 25 ஆக ஓட்டுவார்கள். படம் 4 சதவீதம் வேகமாகப் போகும். 22 நிமிட எபிசோட் 21 நிமிடத்தில் முடியும். குரலும் இம்மியளவு கீச்சென்று கேட்கலாம். எனவே ஓடும் நேரத்தை மட்டும் பார்த்து "இது வெட்டின பிரதி" என்று முடிவு கட்டக் கூடாது.

கூடுதல் காட்சி வேண்டும் என்றால் பழைய டிவிடி, தெளிவு வேண்டும் என்றால் ப்ளூ-ரே. 55 இன்ச் டிவியில் டிவிடியைப் போட்டால் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். வாங்குவதும் முன்பு போல சுலபம் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் தனது தபால்வழி டிவிடி சேவையை 2023 செப்டம்பர் 29 அன்று மூடியது. அமெரிக்காவின் பெஸ்ட் பை கடைகள் 2024-ல் டிஸ்க் விற்பதையே நிறுத்தின. லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் போய் பல வருஷம் ஆகிறது.

இத்தனைக்கும் பிறகு ஏன் தேடுகிறார்கள்? 2023 அக்டோபர் 28 அன்று மேத்யூ பெர்ரி 54 வயதில் இறந்தபோது, உலகம் முழுக்க ரசிகர்கள் மீண்டும் முதல் சீசனிலிருந்து தொடங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த தன் சுயசரிதையில் அவர் ஒன்றைச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு சீசனிலும் தன் உடல் எடையைப் பார்த்தாலே, அந்த நேரத்தில் மதுவா, மாத்திரையா, எதில் சிக்கியிருந்தார் என்று தெரிந்துவிடுமாம். அதனால் தன்னால் தொடரைப் பார்க்க முடியவில்லை என்றும் பேட்டிகளில் சொன்னார். அதைப் படித்தவர்களுக்கு ஒரு சீசன் முடிந்து அடுத்த சீசன் தொடங்கும்போது சாண்ட்லரின் கன்னம் ஒட்டியிருப்பது கண்ணில் படாமல் போகாது. கெட்டியான அட்டைப் பெட்டியில் வந்த அந்தப் பழைய செட்டில், வேறெங்கும் இல்லாத அவருடைய இன்னும் சில நிமிடங்கள் இருக்கின்றன.